அருளாயியின் முகத்தில் எடுத்த அளவு

நீலாவதிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும், இந்த முகத்துக்கு அச்சு எடுத்தால் எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று யோசிப்பாள். பால்காரருக்குக் காது. பஸ் கண்டக்டருக்கு மூக்கு நுனி. கட்டிக்கொண்ட புருஷன் ராஜாங்கத்துக்குத் தாடைக்கு அடியில் இருந்த பள்ளம். முதலாளி கோதண்டபாணிக்கோ எங்கேயும் மாட்டாது, அவ்வளவு வழவழப்பான முகம், லேசாகத் தட்டினால் கழன்று வந்துவிடும் என்பாள். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அவள் பெயர் அருளாயி.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த அறுபத்தைந்தாம் வருஷத்தில், திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நீலாவதி. பிறந்த வீடு பானை செய்கிற வீடு. அந்த வீட்டில் மண் மிதிப்பது பெண்கள், சாம்பல் சலிப்பது பெண்கள், வெந்த பானைகளைத் தலையில் சுமந்துபோய்த் திட்டக்குடியில் தொண்டை வறளக் கூவி விற்பதும் பெண்கள்தான். சக்கரத்தை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று ஏழு வயதில் அப்பாவைக் கேட்டாள். அவர் முறைத்தார். அவருக்கும் தெரியாது என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பீங்கான் பட்டறையில் சக்கரமே கிடையாது, எல்லாம் அச்சுதான் என்று கேள்விப்பட்டதும் ஆசையாக வேலைக்குப் போனாள். போய்ப் பார்த்தால், சக்கரம்தான் ஊரிலேயே நின்றிருந்தது. வழக்கம் அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தது.

கரைத்த களிமண்ணைச் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும் அச்சுக்குள் ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஈரப் பொம்மை நிற்கும். அதன் இரண்டு பக்கமும் அச்சின் கோடு ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பது பெண்களுடைய வேலை. அச்சு செய்வது ஆண்களுடைய வேலை. நீலாவதி ஏழு வருஷம் துடைத்தாள். எத்தனை பிள்ளையாருக்குத் தும்பிக்கை துடைத்தாள், எத்தனை செட்டியாருக்குத் தொப்பை துடைத்தாள் என்று கணக்கே இல்லை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், சீவி எறிந்த களிமண்ணைச் சேர்த்துப் பிசைந்து எதையாவது செய்து பார்ப்பாள். மணி அடித்ததும் உருட்டிப் போட்டுவிடுவாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் அச்சுக்காரர் சிங்காரவேலுக்குச் சேலத்தில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. அவர் சொல்லிக்கொண்டு போன அன்றே நீலாவதி முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"மொதலாளி, அந்த வேலைய நான் செய்யறேங்க."

"எந்த வேலைய?"

"அச்சு வேலையங்க."

கோதண்டபாணி கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். அதனால் முடியாது என்பதையே பத்து வார்த்தையில் சுற்றிச் சொல்லிப் பழகியிருந்தார்.

"ஏம்மா, நீ தொடைக்கறதுல கெட்டிக்காரி. இந்த ஊர்ல ஒன் அளவுக்குச் சுத்தமா தொடைக்க ஆளில்ல. பொம்பள அச்சு ரூம்ல உக்காந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"செஞ்சி காட்டறேங்க."

"செஞ்சி காட்டினா ஆச்சா? வெல போகணுமில்ல? நீயா ஒரு உருப்படி செஞ்சி, அதுக்கு வெளியூர்ல ஒரு ஆர்டரு புடிச்சிக்கிட்டு வா. அப்பறம் பேசிக்கலாம். மாசி கடைசியில புது ஆளு வர்றாரு. அதுக்குள்ள கொண்டா."

போகாத ஊருக்கு வழி சொல்வது என்பார்களே, அதைத்தான் அவர் செய்தார். ஆனால் கேட்டவள் நீலாவதி. சாயங்காலமே எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் சொன்னவள் அருளாயி. கோணாங்குப்பத்து வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். பட்டறையில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்குகிற வேலை அவளுக்கு. அவளுடைய சின்னம்மா புதுச்சேரியில் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள்.

"நோம்பு தொடங்கற விபூதி புதனுக்கு மின்ன மூணு நாளு அங்க ஒரே ஆட்டம்டி நீலா. மூஞ்சிய மூடிக்கிட்டு, கோட்டு போட்டுக்கிட்டு, மோளம் அடிச்சிக்கிட்டு தெருத்தெருவா போவாங்க. சின்னம்மா சொல்லியிருக்குது. எல்லாம் காகித மூஞ்சி. வேர்வை பட்டா சாயந்தரத்துக்குள்ள ஒழுவிப்புடும்."

"அப்ப பீங்கான்ல ஒரு மூஞ்சி செஞ்சா?"

"எவ மூஞ்சிய வெச்சிச் செய்வ?"

நீலாவதி அருளாயியின் முகத்தை அளவெடுப்பதுபோல் பார்த்தாள். முதலாளியுடையதைப் போலவே எங்கேயும் மாட்டாத முகம். அகலமான நெற்றி, அளவான தாடை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அருளாயி பாயில் மல்லாந்து படுத்தாள். முகத்தில் தேங்காய் எண்ணெய், மூக்கில் இரண்டு பப்பாளிக் குழல். மேலே அச்சுச் சாந்தைக் குழைத்து ஊற்றினாள் நீலாவதி. அந்தச் சாந்து இறுகும்போது சுடும். பட்டறையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதை முகத்தில் ஏந்திக்கொண்டு யாரும் படுத்ததில்லை. அருளாயி கைகாலை உதைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள், வாய் மூடியிருந்ததால் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. அச்சு அழகாகக் கழன்று வந்தது. அதோடு சேர்ந்து அவளுடைய இரண்டு புருவங்களும் வந்துவிட்டன.

அருளாயி கண்ணாடியைப் பார்த்துப் புருவம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு, "இதுக்கு நீ என்னயும் புதுச்சேரிக்குக் கூட்டிக்கிட்டுத்தான் போவணும்" என்றாள். அன்றிலிருந்து கண்மையால் புருவம் எழுதிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

எடுத்த முகத்தில் நீலாவதி மூக்கைப் பெரிதாக்கினாள், கன்னத்தைச் சிரிக்கிற மாதிரி உப்பவைத்தாள். நெற்றியையும் தாடையையும் தொடவில்லை. அதிலிருந்து அச்சு செய்து, ஊற்றி, ஈரத்திலேயே கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை வெட்டி, பத்து முகமூடி செய்தாள். வாய் காதுவரை சிரித்தது. சூளை எரிக்கிற கொளஞ்சியப்பன் அவளுக்கு அண்ணன் முறை. அவர் தம்முடைய பொறுப்பில் ஒரு மூலையில் இடம் ஒதுக்கி வேகவைத்துக் கொடுத்தார். சூளை பிரித்தது புறப்படுகிற அன்றைக்கு விடியற்காலையில். இளஞ்சூட்டோடேயே வைக்கோலில் சுற்றிக் கூடையில் வைத்து, வாயைக் கோணியால் தைத்துக் கொடுத்தார்.

"சூடு நல்லா அடங்கற வரைக்கும் பிரிக்காத. காத்துப் பட்டா வெடிப்பு வுட்டுடும். போயிச் சேந்து பிரி."

பார்க்காமல் போவதற்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பிரிக்கவில்லை. ராஜாங்கம் நெய்வேலியில் கூலி வேலையிலிருந்து சனிக்கிழமை கொண்டுவந்த பணத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டை அவள் கையில் வைத்தான். "போயிட்டு வா. ஆர்டரு கெடைக்கலன்னாலும் கடலயாவது பாத்துட்டு வா" என்றான். அந்த வார்த்தைக்காகவே அவனை அவளுக்குப் பிடிக்கும்.

அருளாயிக்கு இன்னொரு பெயர் சிக்கனம். புளிச்சோறு இரண்டு வேளைக்கு, வறுத்த வேர்க்கடலை ஒரு வேளைக்கு, தண்ணீருக்குப் பட்டறையில் வாய் உடைந்ததென்று தள்ளிவைத்த ஊறுகாய் ஜாடி. விழுப்புரத்தில் வண்டி மாறும்போது டீ வாசனை மூக்கைத் துளைத்தது. "வாசன புடிச்சிக்கிட்டா போதும், அதுக்குக் காசு கேக்க மாட்டான்" என்றாள் அருளாயி. புதுச்சேரி ஸ்டேஷனில் ரிக்‌ஷாக்காரர் கூடையைத் தொட வந்தார். அருளாயி அவரைப் பார்த்த பார்வையில் தானாகவே விலகிப் போனார். கூடையை ஆளுக்குக் கொஞ்ச தூரம் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, வெயிலில் நடந்தார்கள். வேர்வையில் கண்மைப் புருவம் கரைந்து கன்னம்வரை வந்துவிட்டது.

கடலை அவர்கள் தேடிப் போகவில்லை. ஒரு தெருவின் கடைசியில் அதுவாக நின்றுகொண்டிருந்தது. நீலாவதி கூடையைக் கீழே இறக்கினாள். அவ்வளவு தண்ணீரை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் வந்த வேலையே மறந்துபோயிற்று. அலை வந்து கரைக் கல்லில் மோதி முகத்தில் தெறித்தபோது, பக்கத்தில் அருளாயி குரல் கேட்டது: "நம்மூரு மணிமுத்தாறு மழக்காலத்துல வர்ற மாதிரிதான் இருக்குது. என்னா, அந்தாண்ட கர தெரியல." இருவரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தோம் என்று தெரியாத சிரிப்பு. கையில் காசில்லாத இரண்டு பெண்கள் இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரே வேஷம் கட்டியிருந்தது. கிளாரினெட் ஊதிக்கொண்டு ஒரு கூட்டம் போனது. பாவாடை கட்டிய ஆண்கள், தொப்பி வைத்த பெண்கள், காகித மூக்கு மாட்டிய கிழவர் ஒருவர். வேஷத் துணியும் முகமூடியும் வாடகைக்கு விடுகிற கடை கால்வாய்ப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரர் பெயர் தேவநாதன். நீலாவதி கூடையின் தையலைப் பிரித்தாள். வைக்கோலை விலக்கி முதல் முகமூடியை எடுத்தாள். வெடிப்பில்லை, கறையில்லை, பளபளவென்று மின்னிற்று. அவளுக்குக் கண் கலங்கியது. அதைத் தேவநாதனிடம் நீட்டினாள்.

தேவநாதன் வாங்கி முகத்தில் வைத்தார். அது அவருடைய முகத்தில் நிற்கவில்லை. நெற்றி வெளியே, தாடை வெளியே. ஓட்டைக்கு நேராகக் கண் வரவில்லை. கடைப்பையனைக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தார், அவனுக்கும் சேரவில்லை. கடைசியில் அருளாயியே வாங்கித் தன் முகத்தில் வைத்தாள். அவளுடைய முகத்திலேயே எடுத்த அச்சு, அவளுக்கே சேரவில்லை.

"யம்மா, கொழந்தைக்குச் செஞ்சீங்களா? கொழந்த தலையில இந்தக் கனத்தக் கட்டினா கழுத்து நிக்காதே" என்றார் தேவநாதன். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நீலாவதிக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. களிமண் காயும்போது ஒரு சுற்றுச் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னொரு சுற்றுச் சுருங்கும். ஏழு வருஷமாக ஈரத்தில் பெரிதாக இருந்த பிள்ளையார் வெந்து சின்னதாக வருவதைத் தினமும் பார்த்தவள் அவள். ஆனால் பொம்மைக்கு யார் சட்டை அளவு எடுத்தார்கள்? பெரிசோ சின்னதோ, வந்த அளவுதான் அதற்கு அளவு. யாருக்காவது பொருந்த வேண்டிய பொருளை அந்தப் பட்டறையின் துடைப்பு மேஜையில் யாரும் கண்டதில்லை. சிங்காரவேல் ஒரு மரக்கோல் வைத்திருந்தது இப்போது அவளுக்கு நினைவு வந்தது. அதில் ஓர் அங்குலம் ஊர் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். கோணல் கோல், பாவம் புதுசு வாங்கக் காசில்லை போல என்று அவள் நினைத்திருந்தாள். அந்தக் கோலும் அவரோடு சேலத்துக்குப் போய்விட்டது.

மாசி மாதமே முடிந்துபோன மாதிரி இருந்தது அவளுக்கு. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அருளாயி வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீலாவதியின் கையில் கொஞ்சம் கொட்டினாள்.

சின்னம்மா வேலை செய்த வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவருடைய வீடு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருடைய மனைவி தெரேஸ் மதாம் மட்டும் இருந்தார். சமையல்கட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்ள இடம் கிடைத்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஆட்டத்தின் கடைசி நாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டு முற்றத்தில் விருந்து. சும்மா உட்கார்ந்து சோறு தின்னக் கூச்சப்பட்டு, இருவரும் காலையிலிருந்து வெங்காயம் உரித்தார்கள்.

முற்றத்தைச் சுற்றிப் பழைய காலத்து மதில். மதில் நெடுக விளக்கு வைக்கிற மாடங்கள், ஐம்பதுக்குக் குறையாது. பொழுது சாய்ந்ததும் மாடத்துக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றி, முன்னால் கலர் காகிதம் ஒட்டிய சட்டத்தை வைத்தார்கள். வைத்த கையோடு கடல் காற்று வந்தது. பாதி அணைந்தது. இரண்டு காகிதம் பற்றிக்கொண்டு எரிந்தது. சின்னம்மா ஓடி ஓடி அணைத்தாள். வாசலில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. "விருந்தாளி வர்ற நேரத்துல வூடு இருட்டா கெடக்குதே" என்று தெரேஸ் மதாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நீலாவதி சமையல்கட்டு வாசலில் நின்று எரிந்துபோன காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சூளை நினைவு வந்தது. உள்ளே தீ அப்படி எரியும், வெளியே சுவரில் கையகலத்துக்கு ஒரு பார்க்கிற ஓட்டை இருக்கும். எந்தக் காற்றும் அந்தத் தீயை அணைத்ததில்லை. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் மட்டும் வெளியே வரும். அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். கூடையிலிருந்து ஒரு முகமூடியை எடுத்துக்கொண்டு போய், மெழுகுவத்தியை ஏற்றி, மாடத்தின் வாயில் வைத்தாள்.

அது இழைத்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. விரல்கடை இடைவெளி இல்லை. அருளாயி முகத்தின் அளவுக்கே வந்திருந்தால் மாடத்துக்குள் நுழைந்தே இருக்காது. காற்று வந்து மோதியது, உள்ளே தீ அசையவில்லை. இரண்டு கண்ணிலும் காதுவரை கிழிந்த வாயிலும் வெளிச்சம் வழிந்து, முகம் சிரித்தது.

"இன்னொண்ணு எடுடி" என்றாள் நீலாவதி. அருளாயி கூடையோடு ஓடி வந்தாள். பத்தையும் வைத்து முடித்தபோது வாசல் கதவு திறந்தது. வேஷக்காரர்கள் உள்ளே வந்து, மதிலில் தங்களைப் பார்த்துச் சிரிக்கிற பத்து முகத்தைக் கண்டு அப்படியே நின்றார்கள். பிறகு கைதட்டினார்கள். கிளாரினெட்காரர் மதிலைப் பார்த்துக் குனிந்து ஒரு வணக்கம் போட்டார்.

அருளாயிக்கு வேறு கவலை. "எல்லாம் எம் மூஞ்சிடி நீலா" என்று முணுமுணுத்தாள். "பத்து எடத்துல சிரிக்குது பாரு. எம் புருவம் அதுலதான் இருக்குது."

விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே தெரேஸ் மதாம் சமையல்கட்டுக்கு வந்தார்.

"இது எங்க வாங்கினது?"

"விருத்தாசலத்துதுங்க மதாம்" என்றாள் சின்னம்மா.

"யாரு செஞ்சது?"

ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்கு நீலாவதி வாயில் வந்த பதில் 'எங்க பட்டறைங்க' என்பதுதான். இந்தத் தடவை அது வரவில்லை.

"நாந்தாங்க செஞ்சேன்."

மதாம் அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "பாஸ்காத் திருநாளுக்கு, ஈஸ்டருக்கு, மதிலு முழுக்க வேணும். இதே அளவுல இன்னும் நாப்பது. வாசக் கேட்டுத் தூண்ல ரெண்டு பெரிய மாடம் இருக்குது பாத்தியா? அதுக்கு ரெண்டு பெருசு. மனுஷ மூஞ்சி எவ்வளவோ அவ்வளவு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. முடியுமா?"

"முடியுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கையில் அளவுகோல் இல்லை என்பது நினைவு வந்தது. வெறுங்கையால் முழம் போடுவது என்பது இதுதான்.

மறுநாள் விபூதி புதன். அருளாயி விடியற்காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தாள். மதாம் எழுதிக் கொடுத்த ஆர்டர் கடிதத்தை நீலாவதி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு முகமூடியை மட்டும் மாதிரிக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார்கள். வண்டி கிளம்பியதும் நீலாவதி கூடையிலிருந்து ஒரு மூங்கில் பிளாச்சை உருவி, வேலைக் கத்தியால் சீவ ஆரம்பித்தாள்.

"என்னாடி பண்ற?"

"மூஞ்சிய நேரா வெய்யி."

பிளாச்சை அருளாயியின் முகத்தில் நட்டுக்குத்தாக வைத்து, மயிர் தொடங்குகிற இடத்திலிருந்து தாடை நுனிவரை அளந்து கோடு போட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலைக் கிழவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"விபூதி அழியும்டி, பாத்து."

"மூக்கும் கன்னமும் நான் மாத்தினது. நெத்தியும் தாடையும் ஒன்னுதுதான். அசையாத."

பிறகு அதே பிளாச்சை முகமூடியின் மேல் வைத்து இன்னொரு கோடு போட்டாள். முகம் எட்டுப் பங்கு என்றால் முகமூடி ஏழு பங்கு. விழுப்புரம்வரை திருப்பித் திருப்பி அளந்தாள், கண்ணுக்குக் கண் அளந்தாள், எங்கே அளந்தாலும் எட்டுக்கு ஏழுதான். எட்டு வைத்தால் ஏழு கிடைக்கும். இதுதான் சங்கதி. இதைத்தான் சிங்காரவேல் அந்தக் கோணல் கோலில் ஒளித்து வைத்திருந்தார். பிளாச்சின் இன்னொரு பக்கத்தில், விருத்தாசலம் வருவதற்குள், ஒவ்வோர் அங்குலத்தையும் ஊர் அங்குலத்தைவிட ஏழில் ஒரு பங்கு நீட்டி நீட்டி வெட்டி முடித்தாள். அன்றைக்கு விழுப்புரத்தில் அருளாயி கேட்காமலேயே இரண்டு டீ வாங்கினாள்.

கோதண்டபாணி கடிதத்தை மூன்று தடவை படித்தார். முகமூடியைத் திருப்பிப் பார்த்தார். அவர் நியாயமான மனுஷர், தாம் சொன்ன சொல் தம்முடைய கழுத்துக்கே வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் வியாபாரி.

"நாப்பது சரி, இருக்கற அச்சுல வந்துடும். ரெண்டு பெருசு இருக்குதே, அது மனுஷ மூஞ்சி அளவுக்குச் சரியா வரணும்ங்குது. எத வெச்சி அளப்ப? சிங்காரவேலு கோல எடுத்துக்கிட்டுப் போயிட்டானே."

நீலாவதி மூங்கில் பிளாச்சை மேஜைமேல் வைத்தாள். அவர் தம்முடைய இரும்பு அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது தப்பா இருக்குதே."

"தப்புக் கோலுதாங்க மொதலாளி. அதால அளந்தாத்தான் வெந்து வர்றப்ப சரியா இருக்கும்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் அவர் அவளை நன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான். "மொதல்ல அந்த ரெண்டும் சரியா வரட்டும். வந்தா, அச்சு ரூம் முக்காலி ஒனக்கு. வரலன்னா, புது ஆளு வர்ற தேதி மாறாது" என்றார்.

மாசி இருபத்தைந்தாம் தேதி சூளை பிரித்தார்கள். இந்தத் தடவை நீலாவதி கொளஞ்சியப்பனிடம் விடவில்லை, சூடு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சூடு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதலாளி இரும்பு அடிக்கோலோடு வந்தார், துடைப்பு மேஜைப் பெண்கள் எல்லாரும் ஈரக் கையோடு வந்து நின்றார்கள். அளக்க அவர் குனிந்தபோது, நீலாவதி பெரிய முகமூடி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே அருளாயியிடம் போனாள். அதற்குள் அருளாயிக்குப் புருவம் பூனைமயிர் அளவுக்கு முளைத்திருந்தது.

அவளுடைய முகத்தை லேசாக நிமிர்த்தி, முகமூடியை வைத்தாள். நெற்றி நெற்றியில் உட்கார்ந்தது. தாடை தாடையில் உட்கார்ந்தது. இரண்டு ஓட்டை வழியாகவும் அருளாயியின் கண்கள் பார்த்தன. நீலாவதி கையை எடுத்தாள், அது விழவில்லை.

முதலாளி அளக்காமலே அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அச்சு அறைக்குள் போய், சிங்காரவேல் உட்கார்ந்திருந்த முக்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து, நீலாவதிக்குப் பக்கத்தில் வைத்தார். புது ஆளுக்குத் தபால் எழுத வேண்டும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

நீலாவதி உட்காரவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது. அப்பாவின் வீட்டில் சுவரோரமாக நின்று சக்கரம் சுற்றுவதைப் பார்த்த பிள்ளை எங்கேயோ அவளுக்குள் இருந்தது. அதற்கு இப்போது யாரும் முறைக்கவில்லை.

பீங்கான் முகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உக்காருடி. நீ உக்காந்தாத்தான் நான் இதக் கழட்டுவேன். உள்ள மூச்சு முட்டுது."

நீலாவதி முக்காலியில் உட்கார்ந்தாள்.